செங்காது ஆமைக்கு எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மீன்தொட்டிக் கடைகளில் ஆமைக்குட்டி என்று கேட்டால் எடுத்துக் காட்டப்படுவது பெரும்பாலும் ரெட் இயர்டு ஸ்லைடர் என்னும் செங்காது ஆமைதான். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகையைத் தாயகமாகக் கொண்ட இந்த நன்னீர் ஆமையை, கண்ணுக்குப் பின்னால் ஓடும் சிவப்புப் பட்டையைக் கொண்டு எளிதில் அடையாளம் காணலாம். கீழே தரப்பட்டுள்ள அளவுகள் அனைத்தும் இந்த இனத்துக்கு உரியவை.

இந்த ஆமை எவ்வளவு பெரிதாக வளரும்?

முட்டையிலிருந்து வெளிவரும்போது ஓட்டின் நீளம் ஏறத்தாழ 3 செ.மீ. மட்டுமே இருக்கும். கடையில் நாம் பார்ப்பது இந்தப் பருவத்தைத்தான். முழு வளர்ச்சி அடைந்த ஆணின் ஓடு 15 முதல் 20 செ.மீ. வரையிலும், பெண்ணின் ஓடு 25 முதல் 30 செ.மீ. வரையிலும் நீளும், அதாவது பெண் ஆமை ஓர் அடி நீளத்தை எட்டக்கூடும். முறையாகப் பராமரித்தால் 20 முதல் 40 ஆண்டுகள் வரை உயிர் வாழும்.

குட்டியாக இருக்கும்போது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்ல இயலாது. ஓடு 10 செ.மீ. அளவை நெருங்கும் காலத்தில்தான் ஆணின் முன்கால் நகங்கள் நீண்டு வளர்வதும் வால் தடித்து நீள்வதும் தெரியவரும். ஆகவே, குட்டி வாங்க நினைப்பவர் அது பெண்ணாகவே இருக்கும் என்று வைத்துக்கொண்டு தொட்டியைத் திட்டமிடுவதே பாதுகாப்பானது. ஆணாக இருந்துவிட்டால் அதற்கு நீந்த இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும். அதனால் யாருக்கும் நட்டமில்லை.

தொட்டியின் அளவுக்கு ஏற்றபடிதான் ஆமை வளரும் என்று சொல்கிறார்களே?

இது உண்மையன்று. இந்த ஒரு நம்பிக்கை விளைவித்த துன்பம்போல வேறெதுவும் வளர்ப்பு ஆமைகளுக்குத் துன்பம் விளைவித்ததில்லை என்றே கருதுகிறேன். ஆமையின் வளர்ச்சியை முடிவு செய்பவை அதன் இனம், உணவு, வெப்பம், ஒளி ஆகியவையே; கண்ணாடிச் சுவர் எங்கே இருக்கிறது என்பது அதன் உடலுக்குத் தெரியாது. சிறிய தொட்டியில் ஓர் ஆமை வளராமலேயே நின்றுவிட்டது என்றால், கழிவு தேங்கிய நீர், போதாத உணவு, சுண்ணாம்புச் சத்தைச் சேர்த்துக்கொள்ளத் தேவையான புறஊதா ஒளி இல்லாமை ஆகியவற்றால் அது நோயுற்றிருக்கிறது என்று பொருள். அவ்வாறு குன்றிப்போன ஆமைகளில் ஓடு மென்மையாவதையும் கோணலாக வளர்வதையும் காணலாம். கடைக்காரர் இதை ஒரு வசதியாகச் சொல்லும்போது, அவர் சொல்வது ஒரு நோயைப் பற்றி என்பதை வாங்குபவர் புரிந்துகொள்ள வேண்டும்.

தொட்டியின் அளவை எவ்வாறு கணக்கிடுவது?

வளர்ப்போரிடையே நெடுநாளாக வழங்கிவரும் கணக்கு ஒன்று உண்டு: ஓட்டின் ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் 10 அமெரிக்க கேலன், அதாவது ஏறத்தாழ 38 லிட்டர் நீர். செ.மீ. கணக்கில் சொன்னால் ஒரு செ.மீ. ஓட்டுக்கு 15 லிட்டர். இது அனுபவத்திலிருந்து பிறந்த தோராயக் கணக்கே தவிர ஆய்வகத்தில் வகுத்த விதியன்று. எனினும், குறைந்தபட்ச அளவு எது என்பதைத் தெரிந்துகொள்ள இதைவிட எளிய வழி இல்லை.

இதில் பலர் தவறவிடும் செய்தி, இந்த 38 லிட்டர் என்பது தொட்டியின் கொள்ளளவு அன்று, அதில் உண்மையாக நிற்கும் நீரின் அளவு என்பதே. மீன்தொட்டியைப் போல ஆமைத் தொட்டியை விளிம்பு வரை நிரப்ப முடியாது; ஆமை ஏறி வெளியே விழுந்துவிடாதிருக்க மேலே இடைவெளி விட வேண்டியிருப்பதால், முக்கால் பங்குதான் நீர் நிற்கும்.

நம் கடைகளில் தொட்டிகள் அடிக்கணக்கில் விற்கப்படுவதால், நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி, வரும் எண்ணை 28.3 ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். குட்டியோடு சேர்த்துக் கொடுக்கப்படும் 2×1×1 அடித் தொட்டி முழுதாக நிரப்பினாலே 57 லிட்டர்தான் கொள்ளும். முக்கால் பங்கு என்றால் 42 லிட்டர். இந்தக் கணக்கின்படி அது ஓர் அங்குலத்தைச் சற்றே தாண்டிய குட்டிக்கு மட்டும் போதுமானது. 3×1.5×1.5 அடித் தொட்டியில் 143 லிட்டர் நிற்கும். நான்கு அங்குலத்தை எட்டுவதற்குள் அதுவும் போதாமல் போகும். 4×2×2 அடித் தொட்டியில் 340 லிட்டர் நிற்கும் என்பதால், அது முழு வளர்ச்சி பெற்ற ஆண் ஆமைக்குத் தாராளமானது. பத்து அங்குலப் பெண் ஆமைக்கு 380 லிட்டர் தேவை என்பதால் 5×2×2 அடியிலிருந்து யோசிக்கத் தொடங்க வேண்டும். அவ்வளவு பெரிய கண்ணாடித் தொட்டிக்கு வழியில்லாதவர்களுக்கான மாற்றைப் பின்னால் சொல்லியிருக்கிறேன்.

ஓட்டை அளக்கும்போது தையல் நாடாவை வளைவின் மேல் போட்டு அளக்கக் கூடாது. ஆமையைச் சமதளத்தில் வைத்து, ஓட்டின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை அளவுகோலால் நேர்கோட்டில் அளப்பதே முறை.

லிட்டர் கணக்கு சரியாக இருந்தால், உயரமான தொட்டி வாங்கலாமா?

கூடாது. ஆமைக்கு நீந்துவதற்கு நீளமும் திரும்புவதற்கு அகலமும் வேண்டும். நீளம் ஓட்டைப்போல் நான்கு மடங்குக்கும், அகலம் இரண்டு மடங்குக்கும் குறையாதிருக்க வேண்டும் என்பது வளர்ப்போர் கணக்கு. ஒரே அளவு நீர் கொள்ளும் இரு தொட்டிகளில் ஒன்று நெடிதுயர்ந்தும் மற்றது நீண்டு அகன்றும் இருந்தால், இரண்டாவதையே தேர்ந்தெடுங்கள். தொட்டியின் அகலம் ஓர் அடியாக மட்டும் இருப்பது வளர்ந்த ஆமைக்கு எந்த நீளத்திலும் ஒவ்வாது. ஓர் அடி ஆமை ஓர் அடி அகலத்தில் திரும்பவே முடியாது.

நீர் ஆழமாக இருந்தால் ஆமை மூழ்கி இறந்துவிடாதா?

செங்காது ஆமை நன்றாக நீந்தக்கூடிய விலங்கு. ஆழம் அதற்கு நன்மையே செய்யும். ஆழமற்ற நீரில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. ஆமை மல்லாந்து விழுந்துவிட்டால், மீண்டும் புரண்டு நிமிர்வதற்கு அதன் ஓட்டின் அகலத்தைவிட அதிக ஆழம் தேவைப்படும். அது இல்லாவிட்டால் கவிழ்ந்த நிலையிலேயே மூச்சுக்குத் திணறும். ஆகவே ஓட்டின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஆழம் இருக்கட்டும். இரண்டு மடங்கு இருந்தால் இன்னும் நல்லது. புதிதாகப் பிறந்த குட்டிக்கு மட்டும் தொடக்கத்தில் 10 செ.மீ. அளவில் நீர் வைத்து, அது நன்றாக நீந்துவதைப் பார்த்த பின் படிப்படியாக உயர்த்தலாம். நீருக்குள் ஆமையின் உடல் சிக்கிக்கொள்ளும்படியான இடுக்குகள் இருக்கக் கூடாது என்பதே ஆழத்தைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. ஃபில்டருக்கும் கண்ணாடிக்கும் இடையிலுள்ள குறுகிய சந்தில் மாட்டிக்கொண்ட ஆமை மேலே வர முடியாமல் மூழ்கிப்போகும்.

வெயில் காயும் மேடை தொட்டியில் பாதி இடத்தை எடுத்துக்கொள்கிறது. அதற்கு என்ன செய்வது?

மேடை இல்லாமல் இந்த ஆமையை வளர்க்கவே கூடாது. நீரிலிருந்து முழுவதும் வெளியேறி, உடல் உலர்ந்து, சூடேறிக்கொள்ள அதற்கு ஓர் இடம் வேண்டும். மேடையின் மேற்பரப்பு 30 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருக்க வேண்டும். அங்கே புறஊதா பி கதிர் தரும் யூவிபி விளக்கும் வேண்டும். சன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். கண்ணாடி இந்தக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடுவதால், அந்த வெயிலில் வெப்பம் மட்டுமே கிடைக்கும். எலும்புக்கும் ஓட்டுக்கும் தேவையான பயன் கிடைக்காது. யூவிபி விளக்கு ஒளிர்ந்துகொண்டே இருந்தாலும் அதன் கதிர் வீச்சு நாளடைவில் குறையும் என்பதால், தயாரிப்பாளர் குறிப்பிடும் காலத்துக்குள், பொதுவாக 6 முதல் 12 மாதங்களுக்குள், அதை மாற்றிவிட வேண்டும்.

இடப் பிரச்சினைக்கு மிகச் சிறந்த தீர்வு, மேடையைத் தொட்டிக்குள் வைக்காமல் தொட்டியின் மேல் வைப்பதாகும். தொட்டியின் ஒரு முனையில் கம்பி வலையும் பலகையும் கொண்டு ஒரு பெட்டியைப் பொருத்தி, நீரிலிருந்து அதற்குச் சரிவாக ஒரு பாதை அமைத்துவிட்டால், ஆமை தானே ஏறி வெயில் காயும். பெட்டிக்குப் பக்கச் சுவர்கள் இருப்பதால் வெளியே விழாது. கீழே தொட்டியை ஏறக்குறைய முழுதாக நிரப்பிக்கொள்ளலாம். முன்பு சொன்ன 4×2×2 அடித் தொட்டியில் நிற்கும் நீர் இதனால் 340 லிட்டரிலிருந்து 400 லிட்டருக்கு மேல் உயரும். வேறொரு தொட்டி வாங்காமலேயே கிடைக்கும் இடம் இது. மேடை தொட்டிக்குள்ளேயே இருந்துதான் ஆக வேண்டும் என்றால், மேடையின் தளத்திலிருந்து விளிம்பு வரை குறைந்தது ஓர் அடி உயரம் இருக்கட்டும். ஆமை பின்கால்களில் எழுந்து நின்று விளிம்பைப் பற்றி ஏறக்கூடியது.

இப்போது சிறிய தொட்டி வாங்கி, ஆமை வளர வளரப் பெரிதாக மாற்றிக்கொள்ளலாமா?

மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அவ்வாறு எண்ணித் தொடங்குபவர்களில் பலர் மாற்றுவதில்லை. முதல் ஆண்டுகளில் இந்த ஆமை மிக விரைவாக வளரும். இரண்டு அடித் தொட்டியின் விலை, அதற்குரிய சிறிய ஃபில்டரின் விலை, பிறகு மூன்று அடித் தொட்டி, அதற்கொரு ஃபில்டர் என்று கூட்டிப் பார்த்தால், முதலிலேயே நான்கு அடித் தொட்டி வாங்குவது சிக்கனமாகவே முடியும். குட்டியைப் பெரிய தொட்டியில் விட்டால் பயந்துவிடும் என்ற ஐயம் தேவையற்றது. நீரின் ஆழத்தைக் குறைத்து, ஒளிந்துகொள்ள ஓரிரு இடங்களும் ஏறுவதற்கு எளிதான மேடையும் அமைத்துக் கொடுத்தால் போதும்.

பெரிய தொட்டியைச் சுத்தம் செய்வது மிகவும் கடினம் அல்லவா?

உண்மையில் சிறிய தொட்டியைச் சுத்தமாக வைத்திருப்பதுதான் கடினம். ஆமை, அதே அளவுள்ள மீனைவிட மிக அதிகமாகக் கழிவை வெளியேற்றும். உணவையும் நீருக்குள்ளேயே கிழித்துச் சிதறடித்து உண்ணும். அந்தக் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. ஃபில்டரில் குடியேறும் நுண்ணுயிர்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நீர் மிகுதியாக இருக்கும்போது கழிவின் செறிவு குறைவாக இருக்கும். நுண்ணுயிர்களுக்கும் தம் வேலையைச் செய்யக் காலம் கிடைக்கும். வளர்ந்த ஆமை ஒன்றின் ஒருநாள் கழிவு 40 லிட்டர் நீரில் கலந்தாலே நாற்றம் எழும். அதனால்தான் சிறிய தொட்டி வைத்திருப்பவர்கள் ஓயாமல் நீரை முழுவதும் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், முழுவதும் மாற்றுவதால் நுண்ணுயிர்கள் நிலைபெறாமல் மீண்டும் நாற்றமடிக்கிறது.

ஃபில்டர் வாங்கும்போது, அதன் அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும் கொள்ளளவு மீன்களைக் கருத்தில் கொண்டு எழுதப்பட்டது என்பதை நினைவில் வையுங்கள். உங்கள் தொட்டியில் உள்ள நீரைப்போல் இரண்டு அல்லது மூன்று மடங்கு அளவுக்கு உரிய ஃபில்டரே ஆமைக்குப் போதுமானது. 340 லிட்டர் நீருக்கு, 700 முதல் 1000 லிட்டர் வரையிலான தொட்டிக்கு உரிய, தொட்டிக்கு வெளியே வைத்துக் குழாய்களால் இணைக்கும் கேனிஸ்டர் ஃபில்டர் வேண்டும். அதற்கு மேல் வாரத்துக்கு ஒருமுறை கால் பங்கு நீரைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுநீர் ஊற்றினால் போதும். குழாய் நீரில் குளோரின் கலந்திருந்தால், குளோரின் நீக்கி மருந்து சேர்த்த பிறகே தொட்டியில் ஊற்றுங்கள். குளோரின் ஆமையைவிட ஃபில்டரின் நுண்ணுயிர்களையே அதிகம் பாதிக்கும்.

தரையில் சிறு கூழாங்கற்களைப் பரப்ப வேண்டாம். ஆமை அவற்றை விழுங்கிக் குடல் அடைப்புக்கு உள்ளாகும். ஆமையின் தலையைவிடப் பெரிய கற்களை வைக்கலாம். எதுவும் இல்லாத வெறுந்தரை சுத்தம் செய்ய இன்னும் வசதியானது.

துணைக்கு இன்னோர் ஆமை வேண்டாமா?

வேண்டாம். துணை இல்லையென்றால் ஆமை ஏங்கிப்போகும் என்பது மனிதர்களின் எண்ணம். ஒரே தொட்டியில் இரண்டை விட்டால், வலியது உணவையும் மேடையையும் கைப்பற்றிக்கொள்வதும், மற்றொன்றின் வாலையும் கால்களையும் கடிப்பதும், ஆண் பெண்ணை ஓயாமல் துரத்துவதும் வழக்கமாக நிகழ்பவை. ஏற்கெனவே இரண்டு இருக்கின்றன என்றால், பெரிய ஆமைக்கு உரிய நீரின் அளவோடு மேலும் பாதியைச் சேர்த்துக் கணக்கிடுங்கள்; மேடைகளும் இரண்டாக இருக்கட்டும். கடிபட்ட காயம் தென்பட்டால் உடனே பிரித்துவிடுங்கள்.

தொட்டியில் மீன்களைச் சேர்த்து வளர்க்கலாமா?

ஆமை அவற்றைத் தின்றுவிடும்.

இவ்வளவு எடையை வீட்டின் தளம் தாங்குமா?

ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. 12 மி.மீ. கண்ணாடியால் செய்த 4×2×2 அடித் தொட்டியே ஏறத்தாழ 90 கிலோ இருக்கும். அதில் 340 லிட்டர் நீரைச் சேர்த்தால் 430 கிலோ. இரும்புத் தாங்கியையும் ஃபில்டரையும் சேர்த்தால் அரை டன்னை நெருங்கும். குடியிருப்புக் கட்டடங்களின் தளத்துக்கு, ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ என்ற அளவில் பயன்பாட்டுச் சுமை கணக்கிடப்படுவது இந்தியத் தரநிலை வழக்கம். ஆனால் இந்தத் தொட்டி முக்கால் சதுர மீட்டர் இடத்திலேயே அவ்வளவு எடையையும் இறக்குகிறது. தரைத்தளத்தில் இருப்பவர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. மாடியில் இருப்பவர்கள் தொட்டியை அறையின் நடுவில் வைக்காமல், உத்தரம் செல்லும் சுவரை ஒட்டி வைக்க வேண்டும். பழைய கட்டடமாகவோ வாடகை வீடாகவோ இருந்தால் ஒரு கட்டடப் பொறியாளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. தாங்கியின் மேல் மட்டப்பலகை வைத்துச் சமதளத்தை உறுதிசெய்து, தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் அட்டை விரிக்கத் தவறாதீர்கள். ஒரு மூலை மட்டும் எடையைத் தாங்கினால் கண்ணாடி விரிசல் விடும்.

கண்ணாடித் தொட்டிக்குச் செலவு அதிகமாகிறது. வேறு வழி உண்டா?

உண்டு. பல நேரங்களில் அந்த வழியே மேலானது என்பதும் என் கருத்து. கண்ணாடித் தொட்டி நாம் பார்ப்பதற்காகவே இருக்கிறது; ஆமைக்குக் கண்ணாடி தேவையில்லை. அகன்ற வாயுடைய 500 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியோ, மீன் வளர்ப்புக்கு விற்கப்படும் ஃபைபர் தொட்டியோ அதே கொள்ளளவுள்ள கண்ணாடித் தொட்டியைவிடக் குறைந்த விலையில் கிடைக்கும். கீறல் விழும், விரிசல் விடும் என்ற கவலையும் குறைவு. வீட்டின் பின்புறத்தில் இடம் இருந்தால் சிமெண்ட் தொட்டி கட்டலாம். பெண் ஆமை வைத்திருப்பவர்களுக்கு அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. புதிதாகக் கட்டிய சிமெண்ட் தொட்டியில் சுண்ணாம்பு கசிந்து நீரின் காரத்தன்மை உயரும் என்பதால், சில வாரங்களுக்கு நீரை நிரப்பி நிரப்பி வெளியேற்றிய பிறகே ஆமையை விட வேண்டும்.

வெளியில் வைத்து வளர்ப்பதில் சூரிய ஒளி நேரடியாகக் கிடைக்கும் நன்மை உண்டு. யூவிபி விளக்கின் தேவையே இராது. ஆனால் சித்திரை, வைகாசி வெயிலில் மொட்டை மாடித் தொட்டியின் நீர் ஆபத்தான அளவுக்குச் சூடேறிவிடும். தொட்டியின் பாதிப் பரப்பிலாவது எப்போதும் நிழல் விழ வேண்டும். காகமும் பூனையும் குட்டிகளைத் தூக்கிச் செல்லும் என்பதால் மேலே கம்பி வலை கட்டாயம்.

ஹீட்டர் வாங்க வேண்டுமா?

நீரின் வெப்பம் 24 முதல் 28 டிகிரி வரை இருக்க வேண்டும். சென்னை, மதுரை, திருச்சி போன்ற சமவெளி ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதிக்கு ஹீட்டர் தேவைப்படாது. உதகை, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் தேவைப்படும். இரவு முழுவதும் ஏ.சி. ஓடும் அறையில் தொட்டியை வைத்திருப்பவர்களும் ஒரு வெப்பமானியை நீரில் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டும்.

பெண் ஆமைக்குக் கூடுதலாக என்ன இடம் வேண்டும்?

ஆண் ஆமை அருகில் இல்லாவிட்டாலும், வளர்ந்த பெண் ஆமை கருவுறாத முட்டைகளை இடும். அதற்குத் தோண்டும் இடம் கிடைக்காவிட்டால் முட்டைகளை உள்ளேயே அடக்கிக்கொண்டு உயிராபத்துக்கு உள்ளாகக்கூடும். நீரில் நிலைகொள்ளாமல் அலைவதும், பின்கால்களால் மேடையைப் பறிப்பதும், உணவைக் குறைத்துக்கொள்வதும் அதன் அறிகுறிகள். ஆமை தாராளமாகத் திரும்பும் அளவுள்ள ஒரு பெட்டியில், 20 முதல் 25 செ.மீ. ஆழத்துக்கு ஈரமான மணலும் மண்ணும் கலந்து நிரப்பித் தயாராக வையுங்கள். தொட்டிக்கான இடத்தைத் திட்டமிடும்போதே இந்தப் பெட்டிக்கான இடத்தையும் ஒதுக்கிவிட வேண்டும்.

வீட்டில் சிறு குழந்தைகள் இருக்கிறார்கள். தொட்டியை எங்கே வைக்கலாம்?

ஆமையின் உடலிலும் தொட்டி நீரிலும் சால்மொனெல்லா நுண்ணுயிர் இருக்கக்கூடும். ஆமை நலமாகத் தோன்றினாலும் இதில் மாற்றமில்லை. அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளின் விற்பனை 1975ஆம் ஆண்டு தடைசெய்யப்பட்டதற்குக் காரணமே குழந்தைகளுக்கு இதனால் ஏற்பட்ட நோய்தான். சமையலறையிலோ உண்ணும் இடத்திலோ தொட்டியை வைக்கக் கூடாது. ஃபில்டரைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் அலசக் கூடாது. ஆமையையோ நீரையோ தொட்ட பின் சோப்பால் கை கழுவுவது அனைவருக்கும் கட்டாயம். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள் உள்ள வீட்டில் ஆமை வாங்குவதைத் தள்ளிப்போடுவதே நல்லது.

இவ்வளவு பெரிய தொட்டி வைக்க எங்களால் இயலாது. ஆமையைக் கோயில் குளத்தில் விட்டுவிடலாமா?

தயவுசெய்து விடாதீர்கள். உலகின் மிக மோசமான நூறு அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இந்த ஆமையின் இனமும் இடம்பெற்றுள்ளது. வெயில் காயும் இடத்தையும் உணவையும் நம் நாட்டு ஆமைகளிடமிருந்து அது பறித்துக்கொள்ளும்; நோய்களையும் பரப்பும். ஐரோப்பிய ஒன்றியம் 1997இலேயே இதன் இறக்குமதியைத் தடைசெய்தது. கேரளத்தில் திருச்சூர்ப் பகுதி நீர்நிலையில் இது தென்பட்ட பிறகு, பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் இவற்றைச் சேகரிக்கும் முயற்சியில் இறங்கியது. வளர்க்க இயலாதவர்கள், தகுந்த இடவசதி உள்ள வேறொரு வளர்ப்பாளரைத் தேடிக் கொடுக்கலாம். கால்நடை மருத்துவரிடமோ விலங்கு நல அமைப்பிடமோ வழி கேட்கலாம்.

இதற்கு மாறாக நாட்டு ஆமை ஒன்றைப் பிடித்து வளர்க்கலாம் என்றும் எண்ண வேண்டாம். நட்சத்திர ஆமை, பாலாமை போன்றவை 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. அவற்றை வீட்டில் வைத்திருப்பது குற்றமாகும்.

சிறிய தொட்டியில் இருக்கும் ஆமையைப் பெரிய தொட்டிக்கு எப்படி மாற்றுவது?

புதிய ஃபில்டரில் நுண்ணுயிர்கள் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். பழைய ஃபில்டரின் பஞ்சையும் பீங்கான் வளையங்களையும் கழுவாமல் அப்படியே புதிய ஃபில்டருக்குள் வைத்துவிட்டால் அந்தக் காலம் வெகுவாகக் குறையும். இரு தொட்டிகளின் நீரும் ஒரே வெப்பத்தில் இருப்பதை உறுதிசெய்துகொண்டு ஆமையை விடுங்கள். முதல் சில நாட்கள் அது ஒளிந்துகொள்வதும் குறைவாக உண்பதும் இயல்பு. தின்னாமல் விட்ட உணவை உடனுக்குடன் எடுத்துவிடுங்கள். முதல் மாதத்தில் நீரின் அம்மோனியாவை வாரம் இருமுறை சோதனைக் கருவியால் பார்த்து, அது கூடியிருந்தால் கால் பங்கு நீரை மாற்றுங்கள். ஒரு வாரத்துக்குப் பிறகும் ஆமை உண்ணவில்லை என்றாலோ, நீந்தும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, ஊர்வன விலங்குகளுக்கு மருத்துவம் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.